சீட்டு வெட்டாத மனிதர்

சீட்டு வெட்டாமல் ஆட உட்காருகிற மனிதர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் கொஞ்சம் யோசனைதான்.

எங்கள் விளையாட்டில் வழக்கம் இது. ஆட்டம் தொடங்குமுன் என் சீட்டுக்கட்டை நான் கலைத்து உங்கள் முன்னால் வைப்பேன். நீங்கள் அதை எங்கேயாவது இரண்டாகப் பிரித்து, அடியில் இருந்ததை மேலே வைத்துத் திருப்பித் தருவீர்கள். அதற்குப் பெயர் வெட்டு. நான் நல்ல சீட்டையெல்லாம் மேலே அடுக்கி வைத்திருந்தால் அந்த ஒரு வெட்டில் என் திருட்டுத்தனம் காலி. ஆனால் சிலர் வெட்ட மாட்டார்கள். கட்டின் தலையில் ஒரு விரலால் லேசாகத் தட்டுவார்கள். "உங்களை நம்புகிறேன், ஆடுங்கள்" என்று அதற்கு அர்த்தம். அப்படித் தட்டுகிறவனைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். என்னை நம்பி இவனுக்கு என்ன ஆகப்போகிறது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

நான் சொல்வது ரம்மி அல்ல. தொண்ணூறுகளின் பின்பாதியில் கோலாலம்பூர்ப் பக்கம் இளவட்டங்களைப் பிடித்து ஆட்டிய படச்சீட்டு விளையாட்டு. டிராகன், போர்வீரன், மந்திரவாதி என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அதன் வேலை. கடையில் பாக்கெட்டாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றி, ஆளுக்கு அறுபது சீட்டில் சொந்தமாக ஒரு கட்டைச் சேர்த்துக்கொண்டு வந்து மோத வேண்டும். அந்தக் கட்டுக்கு 'டெக்' என்று பெயர். சீட்டு கசங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. அறுபது உறையும் ஒரே நிறம், ஒரே மாதிரி இருக்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்த்து முன்பக்கம் இன்னதென்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. மொத்த விளையாட்டும் அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கிள்ளானில் வீடு, மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. தரம் பார்க்கிற வேலை. அச்சிலிருந்து வரும் வாளியையும் மூடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே கீறல், எங்கே கறை என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து குறை தேடுகிறவன் சாயங்காலம் மட்டும் சும்மா இருப்பானா? ரொட்டி சானாய் கடையில் குழம்பை முகர்ந்து பார்த்த பிறகுதான் தொடுவேன். "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே என் பல்லை எண்ணியிருப்பீங்க" என்பாள் என் மனைவி. எண்ணினேன்தான், அவளிடம் சொன்னதில்லை.

என் டெக்கும் என்னைப் போலத்தான். மற்றவர்கள் டிராகனை இறக்கி அடிப்பார்கள். நான் அடிக்க மாட்டேன், தடுப்பேன். எதிராளி எதை இறக்கினாலும் அதைச் செல்லாமல் ஆக்குகிற சீட்டு ஒன்று உண்டு. 'இல்லை' சீட்டு என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன். ஒரே சீட்டை ஒரு டெக்கில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது, என்னிடம் நான்கும் இருந்தன. அதன் பலம் அது கையில் இருப்பதில் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று எதிராளிக்குத் தெரியாமல் இருப்பதில்தான். கையில் ஒன்றுமே இல்லாதபோதும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இரண்டு சீட்டைத் தடவிக்கொண்டிருந்தால் போதும், அவன் டிராகனை இறக்கப் பயந்து நாலைந்து சுற்றை வீணடிப்பான். அதற்குள் நான் ஆட்டத்தை என் பக்கம் இழுத்துவிடுவேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேலே ஒரு மாடியில் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், சீட்டுக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பார். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவேயைப் பிடித்துப் போய்விடுவேன். அங்கேதான் நான் சொல்ல வந்த மனிதர் பழக்கமானார். யாழ்ப்பாண வழிக் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர், இவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டை. என் வயதுதான். மூன்று வருடம் வாரந்தவறாமல் எதிரெதிரே உட்கார்ந்து பயிற்சி செய்தோம். அவர் என்னை 'பாஸ்' என்பார், நானும் 'பாஸ்' என்பேன். அந்தக் கடையில் மற்றவர்கள் மூன்றே வாரத்தில் 'மச்சான்' ஆகிவிடுவார்கள். எங்களுக்குள் அது வரவில்லை, வராததற்குக் காரணம் நான்தான். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே கணக்கெழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். "கிராணி சிரிச்சிக்கிட்டு வந்தா பின்னாடி ஏதோ இருக்குடா" என்று எங்கள் லய வீடுகளில் சொல்லிக்கொள்வார்கள். இந்த மனிதரோ எப்போதும் சிரித்துக்கொண்டே வந்தார்.

தட்டுகிறவர் என்று சொன்னேனே, அது அவர்தான். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட என் டெக்கை வெட்டியதில்லை. விரலால் ஒரு தட்டு, "ஆடுங்க பாஸ்" என்று ஒரு சிரிப்பு. நான் அவர் டெக்கை ஒவ்வொரு தடவையும் வெட்டுவேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் பெரிய போட்டி நடக்கும் என்று அறிவித்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் ஜப்பானில் நடக்கும் போட்டியில் இடம். விமான டிக்கெட் அவர்களே தருவார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக அல்ல, தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. என் மைத்துனர்கள் என்னைச் "சீட்டு விளையாடுற மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார்கள். தொழிற்சாலையில் நான் வெறும் எண். அந்தச் சீட்டு மேசையில் மட்டும்தான் என்னைக் கண்டு நாலு பேர் பயந்தார்கள். அறிவிப்பு வந்த மறுவாரமே ஒருநாள் லீவு போட்டுப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். மனைவிக்குக் கூடப் பிறகுதான் சொன்னேன். அதை அலமாரி இழுப்பறையில் வைத்துத் தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன்.

நடுவில் ஆயுத பூசை வந்தது. மேருவில் எங்கள் தொழிற்சாலையில் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து இயந்திரங்களுக்குப் பூசை போடுவோம். அச்சு இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட், வாசலில் நிற்கும் லோரி, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும். மஞ்சள் கலந்த மிச்சச் சந்தனத்தை வாழையிலைத் துண்டில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாமி மேடையில் என் மனைவி கத்தரிக்கோலையும் தையல் ஊசிப் பெட்டியையும் வைத்திருந்தாள்.

"உங்க ஆயுதம் எங்க? அந்தப் பொம்மைச் சீட்டா?" என்று சிரித்தாள்.

அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். எனக்கு அது சரியென்று பட்டது. நான்கு 'இல்லை' சீட்டையும் உறையோடு எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் மூலையில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்து டெக்கில் சேர்த்துவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பித்தது. அவர் டெக்கில் ஒரு பெரிய டிராகன் உண்டு. அது இறங்கிவிட்டால் அடுத்த சுற்றில் ஆட்டம் முடிந்தது. என் கையில் 'இல்லை' இருக்கும்போது அவர் அதை இறக்கவே இல்லை. சின்னச் சின்ன வீரர்களை விட்டு நேரத்தைக் கடத்தினார். என் கையில் 'இல்லை' இல்லாத சுற்றாகப் பார்த்து டிராகனைக் கொண்டுவந்து வைத்தார். ஒருதடவை நடந்தால் அதிர்ஷ்டம். அன்றைக்கு ஐந்து ஆட்டத்தில் நான்கு அப்படி. கடைசி ஆட்டத்தில் அவர் என் கையைப் பார்த்தார், பார்த்ததும் முகம் சட்டென்று மாறியது. சிரிப்பு போய்விட்டது.

"பாஸ், கவர் பழசாயிடுச்சி போல. மாத்துங்களேன்" என்றார்.

என் சீட்டுறைக்கும் இவருக்கும் என்ன? "ஓகே லா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அதே யோசனை. என் கையில் இருப்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரிகிறது?

அடுத்த வாரம் இன்னும் மோசம். மனிதர் என்னை நேராகப் பார்க்கவே இல்லை. ஆட்டம் முழுக்கப் பார்வை மின்விசிறியில் இருந்தது, இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே. குற்றம் செய்கிறவன்தான் கண்ணைப் பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? மறுபடியும் "கவரை மாத்துங்க பாஸ், போட்டி வருதில்ல" என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்று தடவை! எதற்கு இந்த மனிதருக்கு என் கவர் மேல் இத்தனை அக்கறை?

நானும் சும்மா இருக்கவில்லை. என் பின்னால் கண்ணாடி கிண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தேன். சுவரோரமாக நாற்காலியை மாற்றிப் போட்டேன். தவுக்கே மேல்கூடச் சந்தேகம் வந்தது, அவர் கல்லா மேசையிலிருந்து என் முதுகுப்பக்கம் தெரியும் என்பதால். முன்பெல்லாம் எதிராளியின் டெக்கை ஒரு தடவை வெட்டுவேன், இப்போது மூன்று தடவை வெட்ட ஆரம்பித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தன் முறை வரும்போது என் டெக்கை ஒரு விரலால் தட்டுவார். ஒருநாள் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த இரண்டாவது தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வாரம் முழுக்க வாளி மூடிகளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

பிறகு பங்சாரில் அதைக் கண்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவியோடு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மூலை மேசையில் அவர். அவருக்கு எதிரே, நாங்கள் ஊர்ப்பெயரால் ஸ்ரீ கெம்பாங்கான்காரன் என்று அழைக்கிறவன். அவன் ஒரு சீன ஆள், போன வருடம் முதலாவதாக வந்தவன். வெளிநாட்டிலிருந்து சீட்டும் உறையும் தருவித்துப் பையில் வைத்து விற்பான். ஜப்பான் இடத்துக்கு எனக்கு முன்னால் நிற்கிற ஒரே ஆள் அவன்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் காகிதப் பையில் எதையோ மேசைக்குக் குறுக்கே தள்ளினான். இவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது உங்க கூட்டாளிதானே? போய்ப் பேசுங்களேன்" என்றாள் மனைவி.

"திரும்பிப் பார்க்காத. தலையைக் குனிஞ்சி சாப்பிடு."

"என்னங்க, திருடனைப் பார்த்த மாதிரி?"

"திருடன்தான்" என்றேன்.

ரசத்தைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டோம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் டெக்கின் ரகசியம் முழுக்க அவனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, பதிலுக்கு ஏதோ கைமாறுகிறது. மூன்று வருடப் பழக்கம்! எனக்கு வந்த கோபத்தில் ஃபெடரல் ஹைவேயில் இரண்டு லோரிக்காரர்களைத் திட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. ஆட்டம் முடிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து அதே காகிதப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாஸ், புது கவர். உங்களுக்காக வாங்கினேன். போட்டிக்கு இதைப் போட்டுக்கிட்டு வாங்க."

"எதுக்கு பாஸ்? எவ்ளோ ஆச்சி?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா போடுங்க லா."

சும்மாவாம்! எதிரியின் கையிலிருந்து வந்த உறை, இதிலே என் டெக்கைப் போட்டுக்கொண்டு நான் போட்டிக்குப் போக வேண்டுமாம். எந்த உறையில் என்ன குறி வைத்திருக்கிறானோ. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து இழுப்பறையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் போட்டு மூடினேன். காகிதப் பையைப் பிரிக்கக்கூட இல்லை. என்னை யார் ஏமாற்ற முடியும் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

போட்டி கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. உச்சியில் வரிசை வரிசையாக வெள்ளை விளக்கு. காலையிலிருந்து ஐந்து பேரை வீழ்த்தினேன். அன்றைக்கு என் கைக்கு எது வேண்டுமோ அது வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மிஞ்சியது நான்கு பேர். ஸ்ரீ கெம்பாங்கான்காரன் தன் ஆட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்து இறுதிக்குப் போய்விட்டான். மற்ற மேசையில் நானும் அவரும்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போறோம் பாஸ். யார் போனாலும் சந்தோஷம்" என்றார். தட்டினார். நான் மூன்று தடவை வெட்டினேன்.

முதல் ஆட்டம் எனக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் ஸ்ரீ கெம்பாங்கான்காரன் கைகட்டிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றான். அந்த நிமிடத்திலிருந்து இவர் பார்வை என் கையில் இல்லை, முகத்திலும் இல்லை. என் தோளுக்கு மேலே நிலைத்து நின்றது. அவன் நிற்கிற இடம் அதுதான். என் காது சூடாகிவிட்டது. அப்போது என் கையில் 'இல்லை' கிடையாது. அவர் என் தோளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டு டிராகனை இறக்கினார்.

நான் எழுந்து கையைத் தூக்கிக் கத்தினேன். "ஜட்ஜ்!"

ஜட்ஜ் ஒரு மலாய்க்காரர், பருத்த, நிதானமான மனிதர். என் பின்னால் நிற்பவன் என் கையைப் பார்த்துச் சைகை காட்டுகிறான், இவர் அதைப் பார்த்து ஆடுகிறார், இருவரும் கூட்டு என்று மலாயில் கொட்டித் தீர்த்தேன். பங்சாரில் கைமாறியதையும் சொன்னேன். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கான்காரன் வாயைப் பிளந்து நின்றான். இவர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு டெக்கும் மேசை மேல வைங்க" என்றார் ஜட்ஜ். புகார் என்று வந்தால் இரண்டு பக்கமும் பார்ப்பது அவர்கள் வழக்கம். முதலில் ஜட்ஜ் இவருடைய டெக்கைக் கவிழ்த்துப் பரப்பினார். அறுபதும் ஒரே கறுப்பு. ஒரு கீறல் கிடையாது. பிறகு என்னுடையதைப் பரப்பினார். சாம்பல் நிற உறைகள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நான்கு சீட்டின் மூலையில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள்.

ஜட்ஜ் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். 'இல்லை'. 'இல்லை'. 'இல்லை'. 'இல்லை'.

யாரோ விசில் அடித்தான். பிளாஸ்டிக்கில் மஞ்சள் ஏறினால் துடைத்தால் போகாது என்று மேருவில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். சீட்டைக் கையில் விசிறிப் பிடித்தால் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் எதிராளிக்கு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான். என் வீட்டு மஞ்சள் விளக்கில் அந்தக் கறை எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் டெக் கவிழ்ந்து கிடக்கும்போது என் கண்ணில் ஒருதடவைகூடவா படவில்லை? அன்று காலையிலிருந்து என் கைக்கு வேண்டியது வந்துகொண்டே இருந்ததே, அது எப்படி? அந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. யார் மேலேயும் அல்ல, என் மேலேயே.

"குறி போட்ட சீட்டு" என்றார் ஜட்ஜ். "என்ன சொல்றீங்க?"

நான் அந்த நான்கு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர்தான் பேசினார். அவ்வளவு நேரமும் நான் திருடன் என்று காட்டிக்கொண்டிருந்த மனிதர்.

"அது சந்தனம். நாங்க வருஷத்துக்கு ஒருதடவை ஆயுதங்களுக்குச் சாமி கும்பிடுவோம், அப்ப வைக்கிறது. இவர் வேணும்னு செய்யல. இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மொதல்ல என்னையறியாமலே அதைப் பார்த்து ஆடியிருக்கேன், தெரிஞ்சதும் இவர் கையைப் பார்க்கறதையே விட்டுட்டேன்."

மின்விசிறியும் ஜன்னலும் என் தோளுக்கு மேலே இருந்த வெற்றிடமும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"ஏன் சொல்லல?" என்று தமிழில் கேட்டேன்.

"மூணு வாட்டி சொன்னேனே, மாத்துங்கன்னு. கறை இருக்குன்னு சொல்லியிருந்தா, 'உனக்கு எப்படித் தெரியும்'னுதான் கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். நிச்சயமாகக் கேட்டிருப்பேன்.

ஜட்ஜ் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். எதிராளியே வந்து சாட்சி சொல்வதால் நம்புகிறேன் என்றார். பத்து நிமிடம் தருகிறேன், அறுபது உறையையும் மாற்றிக்கொண்டு வந்தால் இந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடலாம், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான் என்றார்.

எதிராளியின் முகம் மலர்ந்தது. "அதான் இருக்கே பாஸ்! நான் கொடுத்த பாக்கெட்டை எடுங்க."

"வீட்ல இருக்கு" என்றேன்.

"வீட்லயா? ஏன்?"

நான் உறை கேட்டு ஸ்ரீ கெம்பாங்கான்காரனிடம் ஓடினேன். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் களவாணி என்று நான் சொன்னவனிடம். அவனும் பாவம், பையைத் திறந்து காட்டினான்.

"ஹாபிஸ், பாஸ். தீர்ந்துபோச்சி. கடைசிப் பாக்கெட்டை உங்க ஃப்ரெண்டுதான் பங்சார்ல வந்து வாங்கினார். உங்களுக்குன்னு சொன்னாரே?"

உறையைக் கழற்றிவிட்டு ஆடலாமென்றால் என் சீட்டுகளில் பாதி பழசு, ஓரம் வெளுத்தவை. அதுவும் குறிதான் என்று ஜட்ஜ் மறுத்துவிட்டார். அதற்குள் எதிராளி மேசை மேசையாகப் போய் எனக்காகக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நீலம், எட்டுப் பச்சை, ஒரு கைப்பிடி கறுப்பு என்று கொண்டுவந்தார். ஒரே நிறத்தில் அறுபது யாரிடமும் உபரியாக இல்லை. பத்து நிமிடம் முடிந்தது. ஜட்ஜ் காகிதத்தில் என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். ஜப்பான் அவ்வளவுதான்.

நான் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று மறுபடியும் கேட்டார். "ஏன் பாஸ் போடல?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன் என்று. ஆனால் அந்த மனிதரிடம் அதற்குமேல் ஒரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அதுல நீங்க ஏதாவது குறி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், இந்தத் தடவை நேராக. "ஓ" என்றார். பிறகு இறுதி ஆட்டத்துக்குப் போனார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஸ்ரீ கெம்பாங்கான்காரன் டெக்கை வைத்தபோது அங்கேயும் ஒரு விரலால் தட்டிவிட்டு ஆடினார். இரண்டு ஆட்டத்திலும் தோற்றார். அவன் அவரைத் தோளில் தட்டி ஏதோ சொன்னான். அவர் சிரித்தார், ஆனால் அது வழக்கமான சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். காகிதப் பையைப் பிரித்தால் உள்ளே பாக்கெட், கண்ணாடித்தாள் சுற்றியபடி, கம்பெனி ஒட்டிய முத்திரையோடு, நகம்கூடப் படாமல் இருந்தது. பிரிக்காத பாக்கெட்டில் யாராவது குறி வைக்க முடியுமா? ஒருதடவை திறந்து பார்த்திருந்தால் போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றாள். "சாமிகிட்ட வச்சது தப்பாப் போச்சி" என்றேன்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சாமி மேல பழி போடாதீங்க. அந்த மனுஷன் கையில கொண்டாந்து கொடுத்தாரில்ல?"

அன்றைக்கே உட்கார்ந்து அறுபது உறையையும் மாற்றினேன். சந்தனம் பட்ட பழைய உறைகளைக் குப்பையில் போட்டேன். அந்த வாரம் முழுக்க, மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று பேசிப் பேசிப் பார்த்தேன். 'மச்சான்' என்று ஆரம்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டே மாடி ஏறினேன். வந்திருந்தார். அதே மேசை, அதே இஸ்திரிச் சட்டை. "வாங்க பாஸ்" என்றார். பேசிப் பார்த்த மன்னிப்பை ஒதுக்கிவிட்டு, புது உறை போட்ட டெக்கை எடுத்துக் கலைத்து, அவர் முன்னால் வைத்தேன். பார்க்கட்டும், போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று தெரியட்டும். அவர் தன் டெக்கை என் பக்கம் வைத்தார். நான் அதை வெட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருடைய டெக்கை ஒரு விரலால் தட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என் டெக்கை எடுத்தார். பிரித்து வைத்தார். மறுபடியும் பிரித்து வைத்தார். மூன்றாவது தடவையும் வெட்டிவிட்டு, அதை என் பக்கம் தள்ளினார்.

"ஆடுங்க பாஸ்" என்றார்.